கிளாப்பம் குழுவினரும் ஆங்கில நாட்டு அரசியலும்

சமயம் வேறு, அரசியல் வேறு. ஒன்றன் எல்லையுள் மற்றொன்று புகுதல் தகாது என்பர் ஒரு சாரார். சமயவுணர்ச்சி இல்லாத அரசியல் கரையில்லாத ஆற்றினை ஒக்கும் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கொள்கைகளையும் மேடைமேல் வைத்து வாதித்தல் எளிது. வாதித்து முடிவு கண்டோர் அரியர். ஆதலின் யாம் அவ்வாதத்துட் புகாது, ஒரு சிறு சமயக் குழுவினர் ஒரு பேரரசின் அரசியலுட் புகுந்து வினையாற்றிய வரலாற்றை எடுத்துக்கொண்டு, அவர் செய்தது யாது, செய்த முறை யாது, வழுவிய இடம் யாது என்று ஆராய்ந்து காட்டக் கருதினோம். அக்குழுவினர், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கிலாந்து தேயத்தில் விளங்கிய இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர் ஆவர். அவர்தம் செய்கை மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களைப் பற்றி எழுந்து, நம் தமிழகத்துக் கோயில் நிருவாகத்தையும், நாஞ்சில் நாட்டு மகளிரின் மேலாடையையும் வந்து தொட்டது. ஆதலின் இது பிறநாட்டுக் கதை என்று ஒதுக்காது அன்பர்கள் படிப்பார்களாக.

இவாஞ்சலிக்கல் என்னும் பெயர் ‘நற்செய்தி’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது. அந்நற்செய்தியைத் தமிழ்க் கிறிஸ்தவர் சுவிசேஷம் என வழங்குவர். ஆதலின் அவர்களை யாம் சுவிசேஷ நெறியினர் என்று குறிப்போம். பிறப்பினால் மட்டும் ஒருவன் கிறிஸ்தவன் ஆகான், தன் பாவத்தை உணர்ந்து மனந்திரும்புதல் வேண்டும், விவிலியமே பிரமாணம், கிறிஸ்துவின் சிலுவை மரணமே மீட்புக்கு வழி, உள்ளத்து நம்பிக்கை புறத்தே செயலாக விளங்குதல் வேண்டும் என்பன அவர்தம் கொள்கைகள். ஜான் வெஸ்லி என்னும் போதகர் (1703-1791) குதிரைமேல் ஊர்தோறும் சென்று, கோயில்வாயிலை மிதித்தறியாத சுரங்கத் தொழிலாளர்க்கு வெட்டவெளியிற் பிரசங்கம் செய்து இவ்வுணர்ச்சியை நாடெங்கும் பரப்பினார்.

இக்கொள்கைகளுள் அரசியற்கு உரியது யாதுமில்லை என்று தோன்றலாம். ஆயினும் இவற்றிலிருந்து மூன்று எண்ணங்கள் கிளைத்தன. வேந்தன் உயிரும் அடிமை உயிரும் இறைவன் திருமுன் ஒரே விலையின என்பது ஒன்று. காலமும் செல்வமும் பதவியும் இறைவன் தந்த அடைக்கலப் பொருள்கள்; அவற்றிற்குக் கணக்குக் கொடுத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. தனி மனிதர்க்குப் போலவே நாட்டிற்கும் பாவம் உண்டு. அதனை நீக்காத நாட்டை இறைவன் தண்டிப்பான் என்பது மூன்றாவது. இம்மூன்றனுள் இறுதியதை அன்பர்கள் சிறப்பாக நினைவில் வைத்தல் வேண்டும். அதனால் விளைந்த நன்மையும் பெரிது, தீமையும் பெரிது.

அக்காலத்து ஆங்கில நாட்டின் மாபெரும் பாவம் அடிமை வாணிகம். ஆபிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் கடல் கடத்தப்பட்ட மக்கள் எல்லா நாட்டுக் கப்பல்களிலுமாக ஏறக்குறைய 1¼ கோடியர் என்றும், அவருள் ஆங்கிலக் கப்பல்களில் ஏற்றப்பட்டோர் 30 இலட்சத்திற்கு மேற்பட்டோர் என்றும் இக்காலத்து வரலாற்றாசிரியர் கணக்கிட்டுள்ளனர். லிவர்பூல், பிரிஸ்டல் முதலிய துறைமுகப் பட்டினங்கள் இவ்வாணிகத்தாற் கொழுத்தன. தோட்ட முதலாளிகள் பலர் பார்லிமெண்டிலேயே இடம் பெற்றிருந்தனர். இதனை எதிர்த்துக் குரல் எழுப்புதல் நாட்டின் செல்வத்தையே எதிர்த்தல் என்று கருதப்பட்டது.

1759-ஆம் ஆண்டில் ஹல் என்னும் ஊரில் வணிகர் குடியிற் பிறந்த வில்லியம் வில்பர்போர்ஸ், 21-ஆம் வயதிலேயே காமன்ஸ் சபையில் இடம் பெற்றார். முதன்மந்திரி பிட்டின் உற்ற நண்பர். இனிய குரலும் நகைச்சுவையும் உடையவர். அவர் 1785-ஆம் ஆண்டில் மனமாற்றம் எய்தியபோது, அரசியலைத் துறந்து சமயப்பணியிற் புகுவோமோ என்று தடுமாறினார். அத்தடுமாற்றத்தில் அவர் நாடிச் சென்றது ஜான் நியூட்டன் என்னும் முதிய போதகரை. அந்நியூட்டனோ, இளமையில் அடிமைக் கப்பலுக்குத் தலைவராயிருந்து, பின்னர் அதனை விட்டுக் குருத்துவம் பூண்டவர். அவர், ‘அரசியலிலேயே நில்லும், இறைவன் அங்கேயே உமக்குப் பணி வைத்திருக்கலாம்’ என்னும் கருத்துப்பட அறிவுரை கூறினார். இவ்வறிவுரை மாறியிருப்பின் பின்வரும் வரலாறும் மாறியிருக்கும். துறவே பக்தியின் எல்லை என்று கருதாது, சட்டசபையையும் தொழுகைக்குரிய இடமாகக் கொள்ளலாம் என்று அவர் உணர்ந்ததே இவ்வியக்கத்தின் வித்து.

அந்நாளில் இலண்டனுக்குத் தெற்கே தனிச் சிற்றூராயிருந்து, இந்நாளில் அந்நகரினுள் அடங்கிவிட்ட கிளாப்பம் என்னுமிடத்தில் இவர்தம் நண்பர் குழு கூடிற்று. ஹென்றி தார்ன்டன் என்னும் பாங்கி முதலாளி, மணம் செய்துகொள்ளுமுன் தம் வருவாயை ஏழு கூறாக்கி ஆறு கூற்றை அறத்திற்கு ஈந்தவர். அவரது இல்லத்துப் புத்தகசாலையே குழுவினரின் மந்திராலோசனை மண்டபம். ஜான் வென் அவ்வூர்க் குரு. ஜேம்ஸ் ஸ்டீபன் சட்ட நுணுக்கம் வல்லவர். ஸக்கரி மக்காலே பதினாறாம் வயதில் ஜமெய்க்காத் தோட்டத்திற் பணிக்குச் சென்று அடிமைகள் படும் பாட்டை நேரிற் கண்டவர். பின்னர் ஓர் அடிமைக் கப்பலிலேயே ஏறிக் கடல் கடந்து, கண்டவற்றைக் கப்பலோர் அறியாவண்ணம் கிரேக்க எழுத்தாற் குறித்து வைத்தவர். சார்லஸ் கிராண்ட், கம்பெனி உத்தியோகத்தராய் வங்கத்திலிருந்தபோது பெண்மக்கள் இருவரை வைசூரிக்குப் பறிகொடுத்து, அத்துயரில் மனந்திரும்பியவர். டெயின்மவுத் பிரபு இந்தியாவின் கவர்னர் ஜெனரலாயிருந்தவர். எண்ணிக்கையிற் சிறிய குழுவே. ஆயினும் பணம், சட்டம், கணக்கு, நாவன்மை, அயல்நாட்டு அனுபவம் ஆகிய ஒவ்வொன்றற்கும் ஒருவர் இருந்தனர்.

இனி அவர்கள் வேலை செய்த முறையைக் கூறுவாம். 1787-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் நாள் இலண்டனில் அடிமை வாணிக ஒழிப்புச் சங்கம் நிறுவப்பெற்றது. அதனை நிறுவிய பன்னிருவருள் ஒன்பதின்மர் குவேக்கர் என்னும் வேறொரு கிறிஸ்தவ நெறியினர். குவேக்கர்க்கு அக்காலத்தில் பார்லிமெண்டில் இடமில்லை. சுவிசேஷ நெறியினர்க்கு இருந்தது. கொள்கை வேறுபாட்டைக் குறித்துப் பூசலிடாது இருவரும் ஒரு கருமத்திற்காக இணைந்தமை இங்கே கருதத்தக்கது.

முதலாவது, அவர்கள் சான்று தேடினர். தாமஸ் கிளார்க்சன் என்பவர் ஏழாண்டில் ஏறக்குறைய 35,000 மைல் குதிரைமேற் சுற்றித் துறைமுகந்தோறும் மாலுமிகளை வினாவினார். கைவிலங்கு, கால்விலங்கு, விரல்நெரிக்கும் திருகு முதலிய கருவிகளைக் கடைகளில் விலைக்கு வாங்கிவந்து காட்டினார். அடிமை வாணிகம் ஆங்கில மாலுமிகட்குப் பயிற்சிக்களம் என்று எதிரிகள் பேச, கப்பற் பதிவேடுகளை எண்ணிப் பார்த்து, அது மாலுமிகட்கே சுடுகாடு என்று அவர் மெய்ப்பித்தார். இரண்டாவது, கண்டோர் மறவாத ஒரு படத்தை அச்சிட்டுப் பரப்பினர். புரூக்ஸ் என்னும் கப்பலின் தளத்தில் 482 பேரை அடுக்கி வரைந்த படம் அது. ஒருவர் புரளவும் இடமில்லை. 1788-ஆம் ஆண்டுச் சட்டம் அக்கப்பலுக்கு இசைந்த தொகை 454. அச்சட்டத்திற்குமுன் அது ஒரு பயணத்தில் ஏற்றிச் சென்றதோ 609 பேர். ஆயிரம் பிரசங்கத்தால் உருகாத நெஞ்சை இவ்வொரு தாள் உருக்கிற்று.

மூன்றாவது, வீட்டு அடுக்களையிலும் அரசியலைப் புகுத்தினர். அடிமைகள் விளைத்த சர்க்கரையை உண்ணோம் என்னும் நோன்பு 1791-ஆம் ஆண்டில் எழுந்தது. மூன்று இலட்சம் பேர் அதனைக் கைவிட்டனர் என்று கிளார்க்சன் மதிப்பிட்டார். வாக்குரிமை சிறிதும் இல்லாத பெண்டிர், தேநீரிற் சர்க்கரை இடாமையால் தம் கருத்தைத் தெரிவித்தனர். நான்காவது, விண்ணப்பங்கள் திரட்டினர். 1792-ஆம் ஆண்டில் மட்டும் 519 விண்ணப்பங்கள் ஏறக்குறைய 3,90,000 கையெழுத்துக்களுடன் பார்லிமெண்டு சேர்ந்தன. வாக்களிக்க இயலாத நெசவாளனும் கருமானும் தச்சனும் இவ்வாறு சட்டசபையின் செவியிற் பேசினர்.

இவ்வளவு செய்தும் வெற்றி எளிதிற் கிட்டிற்றில்லை. 1791-ஆம் ஆண்டு மசோதாவிற்கு ஆதரவு 88, எதிர்ப்பு 163. 1792-ஆம் ஆண்டில் ‘படிப்படியாக’ என்னும் ஒரு சொல்லைச் செருகி டண்டாஸ் என்னும் மந்திரி அதனை மழுக்கினார். 1796-ஆம் ஆண்டில் 70 பேர் ஆதரிக்க 74 பேர் எதிர்த்தமையால் நான்கே வாக்கில் தோல்வி. தம் பக்கத்து உறுப்பினர் சிலர் அன்று இசைநாடகம் காணச் சென்றமையே அதற்குக் காரணம் என்று வில்பர்போர்ஸ் வருந்தி எழுதினார். பிரெஞ்சுப் புரட்சியின் அச்சத்தால் சீர்திருத்தம் என்னும் சொல்லே இராஜத்துரோகம்போற் கருதப்பட்ட காலமும் இடையில் வந்தது. அப்போது ஸ்டீபன் ஓர் உபாயம் வகுத்தார். பகைநாட்டார்க்கு ஆங்கிலேயர் அடிமைகளை விற்றல் பகைவர்க்கு உதவுதலாம் என்று காட்டி, போர்க்கால ஏற்பாடாக 1806-ஆம் ஆண்டில் ஒரு சட்டத்தை நிறைவேற்றுவித்தார். அவ்வாணிகத்தின் பெரும்பகுதி அதனாலேயே அறுபட்டது. மறு ஆண்டு, 1807 பிப்ரவரி 23-ஆம் நாள், முழு ஒழிப்பு மசோதா காமன்ஸ் சபையில் வாக்கிற்கு வந்தது. ஆதரவு 283, எதிர்ப்பு 16. சங்கம் தோன்றி இருபதாண்டு கழிந்திருந்தது.

இப்புகழ் முழுவதையும் கிளாப்பம் குழுவினர்க்கே சூட்டுதல் நீதியன்று. அடிமையாய் விற்கப்பட்டுத் தம்மைத் தாமே விலைகொடுத்து மீட்டுக்கொண்ட ஒலாடா இக்வியானோ என்பவர் 1789-ஆம் ஆண்டில் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டு நாடெங்கும் சென்று பேசினார். 1791-ஆம் ஆண்டில் ஹெயிட்டித் தீவின் அடிமைகள் கிளர்ந்தெழுந்து 1804-ஆம் ஆண்டில் தனிநாடு கண்டனர். வாணிகம் ஒழிந்தபின்னும் அடிமைமுறை ஒழியாது நின்றபோது, 1831-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் ஜமெய்க்காவில் ஸாம் ஷார்ப் என்னும் அடிமை, கூலியின்றி வேலை செய்யோம் என்று தம்மவரைத் திரட்டினார். அவர் பாப்டிஸ்டு சபையின் உபதேசியார். விவிலியத்தைப் படித்தே ஒருவன் இரண்டு எசமானர்க்கு உரியனாகான் என்று உணர்ந்தவர். அக்கிளர்ச்சி தீயும் குருதியுமாக முடிந்தது. 300-க்கு மேற்பட்ட அடிமைகள் தண்டனையால் உயிரிழந்தனர். ஷார்ப்பும் 1832-ஆம் ஆண்டு மே மாதத்தில் தூக்கிலிடப்பட்டார். எந்த நற்செய்தியை இலண்டன் பிரபுக்கள் இரக்கத்திற்குக் காரணமாகக் கொண்டனரோ, அதனையே அடிமைகள் உரிமைக்குக் காரணமாகக் கொண்டனர் என்பது இதனால் விளங்கும்.

1833-ஆம் ஆண்டில், பக்ஸ்டன் என்பார் தலைமையில், 5,000-க்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்து குவிந்தன; ஒரு விண்ணப்பத்தில் மட்டும் 1,87,000 பெண்டிர் கையெழுத்திட்டிருந்தனர். அடிமை ஒழிப்பு மசோதா காமன்ஸ் சபையில் நிறைவேறிய மூன்றாம் நாள், ஜூலை 29-ஆம் தேதி, வில்பர்போர்ஸ் உயிர்நீத்தார். விடுதலை பெற்றோர் ஏறக்குறைய எட்டு இலட்சம் பேர். ஆயினும் அச்சட்டம் இரண்டு கோடி பவுன் ஈட்டுத்தொகையை அடிமைகளின் உடையோர்க்கு அளித்ததேயன்றி, அடிமைகட்கு ஒரு காசும் அளித்திலது. அதன்பொருட்டு வாங்கிய கடனின் எச்சம் 2015-ஆம் ஆண்டில்தான் தீர்க்கப்பட்டது. அன்றியும், கம்பெனியார் ஆண்ட இந்தியாவும், இலங்கையும் அச்சட்டத்தினின்று விலக்கப்பட்டிருந்தன. நம் நாட்டு வயல்களிற் கட்டுண்ட பண்ணையடிமைகட்கு 1843-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை சட்டத்தின் துணையில்லை. விடுதலையுற்றோர் விட்டுச்சென்ற கரும்புத் தோட்டங்களுக்கோ, 1834-ஆம் ஆண்டு முதல் மொரீசியசிற்கும் பின்னர்ப் பிற தீவுகட்கும், தமிழர் முதலிய இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர்.

இனி, இக்குழுவினர் இந்தியாவை நோக்கித் திரும்பிய வரலாற்றைக் காண்போம். கம்பெனியார்க்கு வாணிகமே குறி. சமயப்பிரசாரம் கலகத்தை விளைக்கும் என்று அஞ்சிப் பாதிரிமார்க்குத் தம் எல்லையுள் இடமளிக்கத் தயங்கினர். 1706-ஆம் ஆண்டில் சீகன்பால்கு வந்திறங்கியதும், 1800-ஆம் ஆண்டு முதல் கேரி முதலியோர் அச்சுக்கூடம் நிறுவிப் பணியாற்றியதும், டேனிஷ்காரர்க்கு உரிய தரங்கம்பாடியிலும் சீராம்பூரிலுமே என்பது நோக்குக. 1793-ஆம் ஆண்டில் கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்பட்டபோது வில்பர்போர்ஸ் பாதிரிமார்க்கும் உபாத்தியாயர்க்கும் வழிதிறக்க முயன்று தோற்றார். 1806 ஜூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டையிற் சிப்பாய்கள் எழுந்தனர். புதுவகைத் தலைப்பாகையை அணிவித்ததும், அணிவகுப்பில் நெற்றிக்குறியை விலக்கியதும், தம்மைக் கிறிஸ்தவராக்கும் சூழ்ச்சி என்று அவர்கள் ஐயுற்றனர். அவ்வாணைகளைப் பிறப்பித்தோர் படைத்தலைவரேயன்றிப் பாதிரிமாரல்லர். எனினும் இலண்டனில் பழி பாதிரிமார்மேற் சுமத்தப்பட்டது.

1813-ஆம் ஆண்டில் சாசனம் மீண்டும் வாக்கிற்கு வந்தது. அடிமை வாணிகத்திற்கு எதிராகப் பயின்ற அதே விண்ணப்ப முறையைக் குழுவினர் கையாண்டனர். 800-க்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் சென்றன. பாதிரிமார்க்கு வழி திறந்தது. கல்கத்தாவில் பிஷப் ஒருவர் நியமிக்கப்பட்டார். ஆண்டுதோறும் ஒரு இலட்ச ரூபாய்க்குக் குறையாமல் இந்நாட்டுக் கல்விக்குச் செலவிடல் வேண்டும் என்னும் விதியும் அதே சட்டத்திற் சேர்ந்தது. அக்கல்வி எம்மொழியில் என்னும் வழக்கு எழுந்தபோது, 1835-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தின் பக்கம் தீர்ப்பை ஈர்த்தவர் மக்காலே பிரபு. அவர் முன் கூறிய ஸக்கரி மக்காலேயின் புதல்வரே. தந்தையின் பக்தி மைந்தரிடம் அவ்வளவாக இல்லை. ஆனால், தாம் அறிந்ததே மேலானது என்னும் உறுதி குறைவின்றி இருந்தது. நம் மொழிகளின் நூற்செல்வத்தை அவர் இகழ்ந்த இகழ்ச்சியைத் தமிழாசிரியராகிய யாம் இன்றும் மனவருத்தத்துடனேயே படிக்கின்றோம். அடிமைக்காக வாதாடியபோது இக்குழுவினர் அவனது துயரை அவன் வாயாற் கேட்டனர். இந்தியரைக் குறித்துப் பேசியபோதோ, இந்தியரைக் கேளாமலே இந்தியர்க்கு வேண்டுவதைத் தீர்மானித்தனர். சார்லஸ் கிராண்ட் 1792-ஆம் ஆண்டில் நம் சமூகத்தைப்பற்றி எழுதிய நூலும் இக்குறையுடையதே.

கோயில்களைக் குறித்த செய்தி இன்னும் அண்மையது. சென்னை மாகாணத்தில் 1817-ஆம் ஆண்டின் 7-ஆவது ரெகுலேஷனால் கோயிற் சொத்துக்களின் மேற்பார்வை ரெவினியூ போர்டாரிடம் இருந்தது. கிறிஸ்தவ அரசு விக்கிரக ஆராதனைக்குத் துணைநிற்றல் பாவம் என்று சுவிசேஷ நெறியினர் இங்கிலாந்திற் கிளர்ந்தனர். சென்னைப் படைத்தலைவர் ஸர் பெரகிரின் மெயிட்லண்டு, கோயில் விழாக்களுக்குப் படையை மரியாதை செய்ய ஏவுதற்கு மனமின்றி 1838-ஆம் ஆண்டில் பதவியையே துறந்தார். இதன் பயனாக அரசினர் படிப்படியாகக் கையை விலக்கிக்கொண்டு, 1863-ஆம் ஆண்டின் 20-ஆவது சட்டத்தால் கோயில்களைத் தருமகர்த்தர்களிடமும் கமிட்டிகளிடமும் ஒப்புவித்து விலகினர். அதன்பின் மேற்பார்வையின்றிக் கோயிற் சொத்துக்கள் பல சீர்குலைந்தமையும், அதனைத் தடுக்க 1920-களில் அறநிலையச் சட்டமும் போர்டும் தோன்றியமையும் நாம் அறிந்தனவே. இன்று நம் கோயில்களில் அரசின் இடம் யாது என்று வாதிப்போர், அவ்வாதத்தின் ஒரு வேர் இலண்டன் பிரார்த்தனைக் கூட்டங்களில் உள்ளது என்பதை அறிதல் நன்று.

திருவிதாங்கூரில் நிகழ்ந்ததோ வேறு வகையது. தெற்கே நாடார் முதலிய குலத்து மகளிர் மார்பினை மறைத்து மேலாடை அணிதல் அந்நாட்டு வழக்கத்தால் தடுக்கப்பட்டிருந்தது. இலண்டன் மிஷன் பாதிரிமாரிடம் கல்வி கற்றுக் கிறிஸ்தவரான பெண்கள் இரவிக்கையும் மேலாடையும் அணிந்து வீதியிற் சென்றனர். உயர்குலத்தார் ஆடையைக் கிழித்தனர். பள்ளிகட்கும் தொழுமிடங்கட்கும் தீயிட்டனர். 1829-ஆம் ஆண்டுப் பிரகடனம் தோட்சீலையை மறுத்து இரவிக்கையளவில் நிறுத்திற்று. 1858-ஆம் ஆண்டில் விக்டோரியா மகாராணியார் சமய வழக்கங்களில் தலையிடோம் என்று விளம்பரப்படுத்தியதும், அதுவே தமக்குத் துணை என்று கொண்டு உயர்குலத்தார் மீண்டும் கலகத்தில் இறங்கினர். அப்பெண்கள் பின்வாங்கிற்றிலர். அவர்தம் முறையீடு பாதிரிமார் வாயிலாகச் சென்னைக் கவர்னரைச் சேர்ந்தது. கவர்னரின் கண்டிப்பான கடிதத்தின்பின், 1859 ஜூலை 26-ஆம் நாள் மகாராஜா, நாடார் மகளிர் எச்சமயத்தவராயினும் மார்பினை மறைக்கலாம். உயர்குல மகளிரைப்போல் உடுத்தல் மட்டும் ஆகாது என்று பிரகடனம் செய்தார். குறையுடைய நீதியே, ஆயினும் மானம் காத்த நீதி.

அக்கவர்னர் யாவர் எனின், ஸர் சார்லஸ் டிரெவெலியன். ஸக்கரி மக்காலேயின் மகள் ஹன்னாவை மணந்தவர். கிளாப்பம் குழுவின் மருமகன் என்றே கூறலாம். நாஞ்சில் நாட்டுப் பெண்டிரின் மானத்திற்காகப் பேசிய இவரே, பன்னிரண்டாண்டுகட்கு முன் இலண்டன் பொக்கிஷ இலாகாவில் அமர்ந்து அயர்லாந்தின் பஞ்ச நிவாரணத்தை நடத்தியவர். 1845-ஆம் ஆண்டு முதல் உருளைக்கிழங்கு விளைவு அழிந்து, அங்கே ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் மாண்டனர். அப்பஞ்சத்தை இறைவனது திருவுளச் செயலாகவும், ஐரிஷ் சமூகத்தின் குறையைத் திருத்த வந்த மருந்தாகவும் அவர் கருதி எழுதினார். உதவியைச் சுருக்குதலிலேயே கருத்தூன்றினார். ஒரே மனிதர், ஒரே நெறி. நாட்டின் பாவத்தை இறைவன் தண்டிப்பான் என்னும் எண்ணம் அடிமையின் விலங்கை அறுத்தது; அதுவே பசித்தோன் கலத்திலிருந்த உணவையும் குறைத்தது. ‘பாவம் எம்முடையது’ என்று ஆங்கிலேயர் கருதியபோது அவ்வெண்ணம் அறமாயிற்று. ‘பாவம் அவருடையது’ என்று சுட்டியபோது கொடுமையாயிற்று.

வில்பர்போர்ஸின் திறத்திலும் இத்தகைய மாறுபாடு உண்டு. 1799-ஆம் ஆண்டில், தொழிலாளர் சங்கங் கூடுதலைக் குற்றமாக்கும் சட்டத்தை எல்லாத் தொழில்களுக்கும் விரித்தல் வேண்டுமென்று முன்மொழிந்தவர் அவரே. அடிமைக்கு அழுத கண், தம் ஊர் ஆலைத் தொழிலாளியைக் காணவில்லையே என்று அவர் காலத்தவரே கடிந்தனர். அக்குறையை நிரப்பியவரும் அதே நெறியினர்தாம். ஷாப்ட்ஸ்பரி பிரபுவின் முயற்சியால் 1842-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்டிரையும் பத்து வயதிற்குட்பட்ட சிறுவரையும் நிலச்சுரங்க வேலையினின்று மீட்டது. அமெரிக்காவிலோ, அடிமைகளை உடையோர் மிஷனரிகளாகலாம் என்று வாதித்த தென்பகுதியார் 1845-ஆம் ஆண்டில் பிரிந்து தென்னக பாப்டிஸ்டு மகாசபையை நிறுவினர். அச்சபையார் அதற்காக வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் செய்தது 1995-ஆம் ஆண்டில். 1979-ஆம் ஆண்டில் ஜெரி பால்வெல் என்னும் போதகர் அந்நாட்டிலே சுவிசேஷ நெறியினரைத் தேர்தற் படையாகத் திரட்டியதன் நன்மை தீமைகளை அந்நாட்டார் இன்றும் வாதிக்கின்றனர். எல்லார் கையிலும் உள்ள வேதம் ஒன்றே. ஆதலின் வேதம் எது என்று கேட்டல் போதாது. அதனைக் கையிலேந்தியவர் எவர்க்காக வழக்குரைக்கின்றார் என்று கேட்டல் வேண்டும்.

இதுகாறும் கூறியவாற்றான், சமயவுணர்ச்சி அரசியலிற் புகலாமா என்னும் வினாவிற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது என்பது பெறப்படும். அவ்வுணர்ச்சி, தன் நாட்டார் ஆதாயத்தைத் தானே விட்டுக்கொடுக்கத் துணிந்தபோது, இருபதாண்டுத் தோல்வியையும் தாங்கி வென்றது. பிறரைத் திருத்தப் புறப்பட்டபோது, அப்பிறர் வாயைக் கேளாது வழுவிற்று. தம் மனையிலும் ஆலையிலும் உழைப்போரை நோக்கும்போது அதன் பார்வை மங்கிற்று.

சங்கம் நடத்துவோராகிய நமக்கு இவ்வரலாற்றில் ஓர் உரைகல் உண்டு. நம் கூட்டங்களில் நாம் நிறைவேற்றும் தீர்மானங்கள் பெரும்பாலும் நம் பிள்ளைகட்கு இடம், நம் மாணவர்க்கு உதவிப்பொருள், நம்மவர்க்குப் பதவி என்று வேண்டுவனவே. அவை வேண்டத்தக்கனவே, அவற்றை இகழ்தல் எம் கருத்தன்று. விண்ணப்பம் எழுதவும், கணக்கெடுக்கவும், தோல்வியிற் சலியாதிருக்கவும் கிளாப்பம் குழுவினரிடம் நாம் கற்கலாம். ஆயினும், நம் வயலில் இறங்கி நடுபவரும், நம் வீட்டு முற்றம் பெருக்குபவரும், நம் கடையிற் சுமை தூக்குபவரும் பிற குலத்தார். அவர்தம் கூலியையும் மானத்தையும் குறித்து நாம் இதுவரை எத்தனை தீர்மானம் செய்தோம்? அவர்தம் பொருட்டு நம் ஆதாயத்தில் எதனை விட்டுக்கொடுக்க இசைவோம்? இவ்வினாவை வரும் ஆண்டுக்கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவரேனும் எழுப்புதல் வேண்டும் என்பதும், அதற்கு விடை கூறுமுன் அவ்வுழைப்பாளரையே அழைத்துக் கேட்டல் வேண்டும் என்பதும் எமது விண்ணப்பம்.